எச்சில் தட்டு

நான் அம்மாவுக்குச் சோறு போடுவதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்.

சொன்னது எதிர்வீட்டு மாமி. பழவங்காடிக் கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். மாமியும் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, சேனைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். காலையில் நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அம்மா ஜன்னலுக்கு வந்து அவளைக் கூப்பிடுகிறாளாம். பசிக்கிறது, நேற்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை என்கிறாளாம். மாமி மனசு கேட்காமல் இரண்டு மூன்று தடவை ஜன்னல் கம்பி வழியாக இட்லி கொடுத்திருக்கிறாள்.

“தப்பா நெனச்சுக்காதே, கேட்டியா. ஒனக்கும் வயசாயாச்சு. ஆனாலும் பெத்தவளாக்கும். வயிறு நெறைய ஒரு பிடி சாதம் குடுக்கப்படாதோ?”

என் முறை வந்ததும் தேங்காயை உடைத்தேன். உடைத்த வேகத்தில் ஒரு சில்லு பக்கத்தில் நின்றவர் காலில் பட்டது. அவர் திரும்பி முறைத்தார். நானும் முறைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டாச்சு என்றாள். யார் போட்டார்கள் என்றால் சிரித்தாள். அன்று காலை அவள் தொட்டுக்கூடப் பார்க்காத உப்புமா மேஜைமேல் ஆறிக் கிடந்தது. என்னிடம் சாப்பிட்டாச்சு, தெருவிடம் பட்டினி. இரண்டில் எதை ஊர் நம்பும் என்று எனக்குத் தெரியாதா?

நம்புவதற்கு அம்மாவின் உடம்பே சாட்சியாக இருந்தது. ஒரு காலத்தில் இரட்டை நாடி சரீரம். அவளுடைய ரவிக்கைகளை நான் இரண்டு முறை பக்கவாட்டில் பிடித்துத் தைத்துவிட்டேன். மூன்றாவது முறை தைக்க உட்கார்ந்தபோது துணி மடிப்பு உள்ளே அவ்வளவு தடிமனாக இருந்ததால் ஊசி முறிந்துவிட்டது. விரலில் நிற்காத மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தேன். கன்னம் ஒட்டிப் போனதால் பல்செட் பேசும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் இந்த முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே கொழுகொழுவென்று நடமாடும் என்னையும் பார்த்திருப்பார்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாகவே வந்திருக்கும்.

நான் அரசாங்க அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் இந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். தம்பி பெங்களூரில். அப்பா போய் ஒரு வருஷத்துக்குள் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. டாக்டர் அல்சைமர் என்று பெயர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மறதியைப் பற்றிப் பேசியதைவிட எடையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். இந்த நோயில் வீட்டுக்காரர்கள் புத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், உடம்பு கரைவது கண்ணில் படாது, மெலிந்துவிட்டால் விழுவதும் படுத்துவிடுவதும் சீக்கிரம் வரும் என்றார். சர்க்கரைக்கென்று வைத்திருந்த பத்தியத்தைக்கூட அவரே பாதி தளர்த்திவிட்டார்.

அவர் சொன்னதை நான் ஆபீஸ் உத்தரவு போலவே நிறைவேற்றினேன். ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தோம். பசியை அடைக்கிற ஒரு மாத்திரையை மாற்றினோம். பல் டாக்டரிடம் போய்ப் பல்செட்டுக்கு உள்ளே பூச்சுப் போட்டு இறுக்கினோம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு இவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்று படித்துவிட்டு, சாலைக் கடைத்தெருவெல்லாம் அலைந்து கடும் நீலத்தில் ஒரு தட்டு வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் டிவி கிடையாது. ஒரு நேரத்துக்கு ஒரு பதார்த்தம்தான். பாலில் பால்பொடி கலந்தேன். நேந்திரம்பழத்தை வேகவைத்து நெய்விட்டுக் கையில் எடுத்துத் தின்கிறமாதிரி துண்டு போட்டேன். அடையைக் குட்டி குட்டியாக வார்த்தேன். பருப்பும் காயும் சேர்த்த மொளகூட்டலில் தேங்காயை இரட்டிப்பாக அரைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவுக்கு முதலில் போட்டேன். அவள் வயிறு நிறைந்த பிறகுதான் நான் தட்டை எடுப்பேன் என்று ஒரு விரதம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் அவள் செய்ததெல்லாம் இதுதான். மேஜைக்கு வருவாள். நின்றபடியே நீலத் தட்டைப் பார்ப்பாள். “எல்லாருக்கும் ஆச்சா?” என்று கேட்பாள். ஆச்சு அம்மா, நீ உட்கார் என்பேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் மூன்று வாய், நான்கு வாய். பிறகு தட்டை நகர்த்திவிட்டு “மதி” என்பாள். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் எப்போதுமே அந்த மலையாளச் சொல்தான். ஊட்டிவிட்டால் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்து துப்புவாள். சில நாள் அப்பாவைக் கேட்பாள், அவருக்கு ஆச்சா என்று. ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். அப்பா போயாச்சு என்று தினமும் ஒரு தடவை அவளை விதவையாக்கினேன். அந்த நேரச் சாப்பாடு அதோடு முடிந்துபோகும். அதன் பிறகு அவருக்கும் ஆச்சு என்று பொய் சொல்லப் பழகினேன். அந்தப் பொய்யை அவள் ஒரு நாளும் நம்பவில்லை.

மாமி கொடுத்த இட்லியும் எங்கே போயிற்று என்று இரண்டு நாளில் தெரிந்தது. அலமாரியில் அப்பாவின் வேஷ்டிகள் இருந்த அடுக்கிலிருந்து எறும்பு வரிசை இறங்கிக்கொண்டிருந்தது. வேஷ்டி மடிப்புக்குள் இட்லிகள் காய்ந்து கிடந்தன. பசிக்கிறது என்று கேட்டு வாங்கியவள் ஒரு விள்ளல்கூடத் தின்னவில்லை. பித்து என்று நினைத்துக்கொண்டு வேஷ்டியைத் துவைத்துப் போட்டேன்.

மாமி அதற்குள் பெங்களூருக்குப் போன் செய்திருந்தாள். தம்பி நேரடியாக அதைச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து நாளாயிற்று, வருகிறேன் என்றான். காலை வண்டியில் வந்து தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தான். பையிலிருந்து அவன் முதலில் எடுத்தது எடை பார்க்கும் மெஷின். அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் ஏற்றி நிறுத்தினான். முள்ளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். எங்கள் ஆபீசில் ஆடிட் வருகிறவர்கள் இப்படித்தான் பேசாமல் எழுதிக்கொள்வார்கள்.

அவனுக்கு இப்போது அப்பாவின் சாயல் அப்படியே வந்திருக்கிறது. அதே வழுக்கை, அதே தோள், சாப்பிட உட்காருவதற்கு முன் அதே செருமல். அம்மா அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து “எப்ப வந்தேள்?” என்றாள். அவன் என்னைப் பார்த்து, பார் எனக்கு மரியாதையெல்லாம் கிடைக்கிறது என்று சிரித்தான். மதியம் அவன் மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சாதம் போட்டாள், மோர்க்குழம்பு விட்டாள், வேண்டாம் வேண்டாம் என்று அவன் கையால் மறைத்த பிறகும் இன்னொரு கரண்டி கறி வைத்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கை நடுக்கமே இல்லை.

அவன் எழுந்து கை கழுவப் போனான். நான் அடுக்களைக்குள் திரும்பி அம்மாவின் நீலத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் அம்மா அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் சாப்பிட்ட தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பாத்திரத்திலிருந்து சாதத்தை அதிலேயே போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. மாதக்கணக்கில் நான் பார்க்காத அளவுக்குச் சாப்பிட்டாள். மறுபடி சாதம் போட்டுக்கொண்டாள். விரலை நக்கினாள்.

தம்பி ஈரக் கையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. 

“எச்சத் தட்டை இழுத்து வெச்சுண்டு சாப்பிடற அளவுக்கு ஆயிடுத்தா, அக்கா?”

என் கையில் நீலத் தட்டு இருந்தது. அதில் நெய் விட்டுப் பிசைந்த சாதம் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று தோன்றியது. அவள் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். யார் முன்னால் சாப்பிடக் கூடாதோ அவன் முன்னால் சாப்பிட்டு, என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். நோய் என்று தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். தெரிந்தும் எனக்குத் துரோகம் என்றுதான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஊருக்குப் போகும் முன் தம்பி கூடத்தில் ஒரு கேமரா மாட்டினான். அம்மா விழுந்தால் தெரியவேண்டும் என்றான். நல்லதுதானே என்று ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டேன். அம்மா விழக்கூடிய இடம் குளியலறை வாசல், இல்லாவிட்டால் பின்கட்டுப் படி. கேமரா சாப்பாட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போன அடுத்த வாரம் வந்த போனில்தான் எனக்கு அது உறைத்தது. திங்கட்கிழமை அம்மா முன்னாலிருந்து தட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட்டேன் என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். அவன் எதையுமே மெதுவாகத்தான் கேட்பான்.

முப்பது வருஷம் ஆபீசில் ஒரு ரிமார்க் வாங்காதவள் நான். சொந்த வீட்டில், சொந்தத் தம்பி, நான் பிடித்த ஸ்டூலில் ஏறி நின்று எனக்கே காவல் வைத்திருந்தான். அன்று அம்மாவிடம் கத்தினேன். நீ சாப்பிட மாட்டாய், சாப்பிடவில்லை என்றும் சொல்வாய், அவன் வந்தால் மட்டும் அள்ளி அள்ளித் தின்பாய், நான் உனக்கு என்ன செய்தேன் என்று கத்தினேன். அம்மா பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கேமரா இதையும் பார்த்திருக்கும். பார்க்கட்டும் என்று அதன் பக்கம் திரும்பி இன்னும் இரண்டு வார்த்தை அதிகமாகவே சொன்னேன்.

தம்பி போனதிலிருந்து அவள் மறுபடியும் மூன்று வாய்க்குத் திரும்பியிருந்தாள். எடை மெஷினில் நான் ஏற்றி நிறுத்தும்போதெல்லாம் முள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தது. அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதா, இங்கேயே ஏதாவது ஹோமில் சேர்ப்பதா என்று தம்பி யோசிப்பதாக மாமி சொன்னாள். என்னிடம் அவன் அதைச் சொல்லவில்லை. ஹோமில் போய் இவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஆச்சா என்று கேட்டுக்கொண்டே வரிசை வரிசையான மேஜைகளுக்கு நடுவில் நின்று தீர்ந்துபோவாள்.

ஒரு பகல் தம்பி என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அந்தக் கேமரா எடுத்ததுதான். நான் மாவாட்டப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரம். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான், பார், அம்மா பாவம் சாப்பாட்டைத் தேடுகிறாள் என்று.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். அம்மா கூடத்துக்கு வருகிறாள். மேஜையின் பக்கவாட்டில் நீலத் தட்டு நிறையச் சாதம் இருக்கிறது. அதன்மேல் அவள் கை இடிக்கிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. நேராகத் தலைமாட்டு நாற்காலிக்குப் போகிறாள். அதற்கு முன்னால் மேஜைப் பரப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவுகிறாள். குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்க்கிறாள். மறுபடி தடவுகிறாள். பிறகு திரும்பிப் போய் வாசல் ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்க்கிறாள்.

முதல் தடவை பார்த்தபோது தம்பிமேல் கோபம்தான் வந்தது. இரண்டாவது தடவை அந்தக் கையை மட்டும் பார்த்தேன். சாப்பாடு தேடுகிறவள் சாப்பாட்டை இடித்துக்கொண்டு போவாளா? அவள் தேடியது அப்பா சாப்பிட்ட தட்டை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா, அப்பா சாப்பிட்டு எழுந்த இலையில்தான் சாப்பிட்டாள். இலை போய்த் தட்டு வந்தது, தரை போய் மேஜை வந்தது. அது மட்டும் மாறவில்லை. அவர் எழுந்ததும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அந்தத் தட்டையே இழுத்துக்கொள்வாள். கடைசியில் ஒரு கை மோர்சாதத்தை அப்பா அவளுக்கென்று மிச்சம் வைப்பார். அவருடைய பிரியமெல்லாம் அந்த ஒரு கை சாதம்தான், அதற்குமேல் அவரிடம் நாங்கள் பார்த்ததில்லை. கல்லூரியில் படிக்கிறபோது நான் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். புதுத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் டங்கென்று வைத்திருக்கிறேன். அம்மா சிரித்துக்கொண்டே அதை நகர்த்திவிடுவாள். தம்பிக்கு இது எதுவும் தெரியாது. ஆண்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவி ஈசிசேருக்குப் போன பிறகு நடக்கிற விஷயம் அது. திரும்பி வந்து பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்?

அப்பா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகிக் கஞ்சி குடித்தார். அதோடு அந்தப் பழக்கம் நின்றது. அம்மாவும் தனித் தட்டுக்கு மாறினாள். நானும் மறந்துபோனேன். இப்போது நோய் அவளைப் பழைய வருஷங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது. அங்கே எல்லோரும் சாப்பிட்டதற்கு ஒரே அடையாளம் தலைமாட்டில் ஒரு எச்சில் தட்டு. அது இல்லாதவரை அவள் வாயில் சோறு இறங்காது. பசிக்கும், ஆனால் உட்கார முடியாது. ஜன்னலில் வாங்கிய இட்லியைக்கூட அவருக்கென்று அவர் வேஷ்டியில்தான் வைத்திருக்கிறாள். நான் என்னவோ ஊரெல்லாம் தேடி நீலத்தில் தட்டு வாங்கி, பளபளவென்று கழுவி, எல்லோருக்கும் முன்னால் அவளுக்குப் போட்டு அழகு பார்த்திருக்கிறேன்.

இது புரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வேறொன்று உறைத்தது. அவள் மேஜைக்கு வரும்போது ஏற்கெனவே நான் சாப்பிட்டு எழுந்த நாட்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நாள், பென்ஷன் விஷயமாகப் போகவேண்டிய நாள், என் விரதத்தை மீறி முதலில் சாப்பிட்டிருக்கிறேன். என் எச்சில் தட்டு மேஜைமேல் கிடந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாருக்கும் ஆச்சா என்று கேட்டிருக்கிறாள். அந்த எல்லாரிலும் நான் இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்து, குளிப்பாட்டி, துணி மாற்றி, கால் நகம் வெட்டிவிட்ட நான் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததும் வீடு சாப்பிட்டு முடித்ததாகிவிட்டது.

மறுநாள் பரணிலிருந்து அப்பாவின் தட்டை இறக்கினேன். விளிம்பு உயர்ந்த, கனமான எவர்சில்வர் தட்டு. புளி போட்டுத் தேய்த்தேன். மதியம் அம்மா அறையில் இருக்கும்போது அடுக்களையிலேயே அதில் சாதம் போட்டு மோர்க்குழம்பை விட்டுக் கையால் பிசைந்து வழித்தேன். அப்பா கறிவேப்பிலையையும் மிளகாயையும் இடது ஓரத்தில் ஒதுக்குவார். அதே மாதிரி ஒதுக்கினேன். முருங்கைக்காயை நானே மென்று சக்கையை அடுக்கி வைத்தேன். நடுவில் ஒரு கை மோர்சாதம். தலைமாட்டில் தட்டை வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன்.

வந்தாள். “எல்லாருக்கும் ஆச்சா?”

ஆச்சு என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், தட்டை இழுத்துக்கொண்டாள், அந்த ஒரு கை சாதத்தை முதலில் சாப்பிட்டாள். பிறகு கையை நீட்டினாள். நான் சாதம் போட்டேன், நெய் விட்டேன், மறுபடி போட்டேன். அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் சாப்பிட்டதற்காக அழுதேனா, ஏமாந்ததற்காக அழுதேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, இல்லாத ஒருவரைச் சாப்பிட வைத்து எழுப்பினேன். காலைப் பலகாரத்துக்கு அந்தத் தட்டில் சட்னி பூசினால் போதும். முள் முன்னால் போக ஆரம்பித்தது. மழைக்காலம் முடிவதற்குள் ரவிக்கையில் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டேன். ஜன்னல் பக்கம் போகும்போது கம்பியைப் பிடித்துத் தாங்கிக்கொள்வதையும் விட்டுவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதையே தொடருங்கள் என்றார்.

தம்பியும் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு நிம்மதி. 

“பாத்தியாக்கா, கேமரா வெச்சப்பறம் அம்மா எவ்வளவு நன்னாச் சாப்பிடறா. நான் ஒன்னைக் குத்தம் சொல்லலை. யாராவது பாத்துண்டிருக்கான்னா நாம எல்லாருமே கொஞ்சம் ஒழுங்கா இருப்போம், அல்லே?”

விளக்கம் சொல்லியிருக்கலாம். அவனே எடுத்த வீடியோவை அவனுக்கே காட்டி, கையைப் பார், அந்தக் கையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்ப வேண்டிய நேரத்தில் நம்பாதவனுக்கு இப்போது எதற்கு நிரூபணம்? ஹோம் பேச்சு அதோடு நின்றது. எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையிலிருந்து வேலை. மதியம் பசி காதை அடைத்தது. அப்பாவின் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே நின்றவள், இதை ஏன் வழித்துக் கொட்டவேண்டும் என்று நினைத்து, தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே சாப்பிட ஆரம்பித்தேன். பாதியில் அம்மா வந்துவிட்டாள். என் முதுகு அவள் பக்கம் இருந்தது. சமீபத்தில் நான் முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தேன். திட்டப் போகிறாள், இன்றைக்குச் சாப்பாடு போயிற்று என்று பயந்து, தட்டிலிருந்து கையை எடுக்காமல் இருந்தேன்.

கரண்டி எடுக்கிற சத்தம் கேட்டது. என் தட்டில் ரசம் விழுந்தது. 

“மெதுவாச் சாப்பிடுங்கோ. என்ன அவசரம்?” என்றாள்.

நான் தலையைத் தூக்கவில்லை. அவள் கறி வைத்தாள். கையால் மறைத்தேன், மறைத்ததற்குப் பக்கத்தில் இன்னொரு கரண்டி வைத்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு அம்மா எனக்குப் பரிமாறியதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்றாள். அவள் வாயிலிருந்து மெல்லிய மூச்சு என் கழுத்தில் பட்டது. இது எனக்கில்லை என்று தெரிந்தே அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். கறிவேப்பிலையை இடது ஓரத்தில் ஒதுக்கினேன். ஒரு கை மோர்சாதத்தை மிச்சம் வைத்தேன். எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனேன்.

இப்போது தினமும் அப்படித்தான். நான் உட்காருகிறேன், அவள் பரிமாறுகிறாள், நான் எழுகிறேன், அவள் உட்காருகிறாள். 

நேற்று அம்மா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றிருந்தாள். சாப்ட்டேளா என்று கேட்டாள். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்காவது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“அவர் ஒரு கை மிச்சம் வெக்கறதுனால உயிரோட இருக்கேன், கேட்டேளா. இந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் தரதில்லை.”

மாமி அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். என் கையில் அப்பாவின் தட்டு இருந்தது. அதைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். ராத்திரிக்கு மறுபடி வேண்டும்.